பைத்தானில் வெற்றுப்பொருள்

வெற்றுப்பொருள் அல்லது நல் ஆப்ஜெக்ட் என்பது, பொருள்நோக்கு நிரலாக்கத்தில் உண்மையான பொருள் இல்லாதவிடத்து அதற்கு ஈடாக வைக்கப்படும் பொருள் ஆகும். இது தன்னிடம் வரும் அழைப்புகளை ஏற்றுக்கொண்டு எதுவும் செய்யாதிருக்கும். 1990களில் பாபி வூல்ஃப் இதனை ஒரு வடிவமைப்புப் பாங்காக விளக்கி எழுதினார்.

பைத்தான் மொழியில் இல்லாமையைக் குறிக்கும் மதிப்பு ‘நன்’ ஆகும். அதன் மீது மெத்தட் ஒன்றை அழைத்தால் ‘அட்ரிபியூட் எர்ரர்’ என்னும் வழு எழும். அதனைக் கையாளாவிடில் நிரல் நின்றுவிடும். ஆதலால் ஒவ்வோர் அழைப்பிற்கு முன்னும் பொருள் உள்ளதா எனச் சோதிக்க நேர்கிறது. வெற்றுப்பொருள் இச்சோதனைகளைத் தவிர்க்க உதவுகிறது.

அமைப்பு

இருபுறமும் இரட்டை அடிக்கோடு கொண்ட இரு சிறப்பு மெத்தட்டுகள் இதற்கு அடிப்படை. கேட்கப்பட்ட பண்பு வழக்கமான முறையில் கிடைக்காதபோது ‘கெட்அட்டர்’ இயங்கும். பொருளையே ஒரு செயற்கூறு போல அழைக்கும்போது ‘கால்’ இயங்கும். இரண்டும் அதே பொருளைத் திருப்பித் தருமாறு எழுதினால், அழைப்புச் சங்கிலி எவ்வளவு நீண்டாலும் அறுவதில்லை. ‘பூல்’ பொய் எனத் தருமாறு எழுதுவதும் வழக்கம்.

எனினும் நீளம் காணல், கூட்டல், மடக்கு ஆகியவற்றுக்குரிய சிறப்பு மெத்தட்டுகளைப் பைத்தான் பொருளின் வகுப்பிலேயே நேராகத் தேடுகிறது. அவை ‘கெட்அட்டரு’க்குச் செல்வதில்லை, தனித்தனியே எழுதப்பட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

பயன்பாடும் இடரும்

விடை தேவைப்படாத பணிகளுக்கு இது பொருத்தமானது. பைத்தானின் பதிவேட்டுத் தொகுதியான ‘லாகிங்’, 3.1, 2.7 பதிப்புகள் முதல் ‘நல்ஹேண்ட்லர்’ என்பதைக் கொண்டுள்ளது. 3.7 பதிப்பில் (2018) ‘நல்கான்டெக்ஸ்ட்’ சேர்க்கப்பட்டது.

விடை எண்ணாக இருப்பின் நிலை வேறு. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் மானாவாரி நிலங்கள் வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பியவை. அங்கு மூன்று மழைமானிகளின் சராசரியைக் கணிக்கும் நிரல் ஒன்றைக் கற்பனை செய்வோம். இரண்டில் 42, 36 மில்லிமீட்டர்; மூன்றாவதன் அளவு வந்து சேரவில்லை. அதை விலக்கினால் சராசரி 39. அதனிடத்தில் உள்ள வெற்றுப்பொருள் சுழியம் எனத் தந்தால் 26. ‘பதிவு வரவில்லை’ என்பது ‘மழை பெய்யவில்லை’ என மாறிவிடுகிறது. வழு எதுவும் எழாமையால் எவரும் அறியார். வறட்சி நிவாரணமோ பயிர்க் காப்பீடோ இத்தகைய எண்ணைப் பொறுத்து அமையுமாயின், இழப்பு உழவருக்கே. இவ்விடத்தில் நிரல் நின்றுவிடுவதே நன்று.

சோதனைக்கு உதவும் ‘மேஜிக்மாக்’ (3.3 பதிப்பு, 2012) இயல்பாக எவ்வழைப்பையும் ஏற்கும். மெத்தட்டின் பெயரைப் பிழையாக எழுதினாலும் ஏற்றுவிடும். ‘ஸ்பெக்’ என்னும் அளவுருவில் உண்மை வகுப்பைக் கொடுத்தால், அதில் இல்லாத பெயர்களுக்கு வழு எழும்.