மாத்தளைப் பாதையும் வாந்திபேதியும்

தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளரை நாம் மறந்துவிடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வழியெங்கும் அவர்களை வாந்திபேதி கொன்றது. மாண்டவர்களையே நோய் கொணர்ந்தோரென அன்றைய ஆட்சி பழித்தது. அசுத்த நீரே அந்நோயைப் பரப்புகிறதென லண்டனில் ஜோன் ஸ்னோ 1854இலேயே காட்டியிருந்தார்.

நோய் இயங்கும் விதமோ பின்னரே துலங்கிற்று. 1884இல் கல்கத்தாவில் ரொபர்ட் கோக் கிருமியை உறுதிப்படுத்தினார். அதே நகரில் 1959இல் சம்புநாத் தே, கிருமியை வடிகட்டி நீக்கிய திரவமும் முயலின் குடலில் நீரைப் பெருக்குமெனக் காட்டி, கொல்வது நஞ்சென நிறுவினார். குடற்கலத்தின் மேலுள்ள ஜிஎம்1 என்னும் மூலக்கூறை அந்நஞ்சு பற்றுகிறது. உட்புகுந்து கலத்தின் கட்டுப்பாட்டைக் குலைக்கிறது. உப்பும் நீரும் வெளியே பாய்கின்றன. அப்பற்றுதலையே கருவியாக்கி, ஜிஎம்1 பூசிய தட்டுகளில் ஆய்வாளர் நஞ்சைக் கண்டறிகின்றனர்.

ஆயினும், சீனியோடு உப்பை உள்ளிழுக்கும் கலத்தின் வாயில் பழுதடைவதில்லை. ஆகவேதான் அவ்விரண்டும் அளவாகக் கலந்த தூய நீர் உயிர் காக்கிறது.

மாத்தளைப் பாதையில் அருகியிருந்தது அத்தூய நீரே. நோயாளியைப் பழிக்கச் செலவில்லை. கிணற்றைக் காக்கச் செலவுண்டு. விஞ்ஞானத்தின் பயன் யாருக்கு என்னும் வினாவை நாம் இங்கிருந்தே எழுப்புவோமாக.