பெயரன்: ஒரு தாத்தாவும் சந்திரசேகர்களும்

இயற்பியல் நூலகங்களில் ‘எஸ். சந்திரசேகர்’ என்ற பெயரில் இரு வகை நூல்களைப் பார்க்கலாம். ஒரு வகை விண்மீன்களின் அமைப்பு, கதிர்வீச்சுப் பரிமாற்றம், கருந்துளைகளின் கணிதம் பற்றியது. இன்னொன்று திரவப் படிகங்களைப் பற்றி 1977இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட நூல். ஒரே மனிதர் இரு துறைகளிலும் வல்லவராக இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் இன்றும் உண்டு. உண்மையில் அவர்கள் இருவர். முதல்வர் சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995), அடுத்தவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் (1930–2004). இருவருமே லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள். இருவருக்கும் சி.வி. ராமன் உறவு: முதல்வருக்குச் சித்தப்பா, இரண்டாமவருக்குத் தாய்மாமன்.

பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல அமைந்ததைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. ‘எஸ்’ என்ற எழுத்து பொருந்தியது மட்டும்தான் தற்செயல். சந்திரசேகர் என்ற பெயர் இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்தது. அவர்களின் தாத்தா பெயர் சந்திரசேகரன். ராமநாதன் மகன் சந்திரசேகரன், காவிரிக்கரையிலிருந்து விசாகப்பட்டினம் சென்று, அங்கே ஏ.வி.என். கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். மூத்த மகன் சுப்பிரமணியன் ரயில்வே கணக்குத் துறையில் வேலை பார்த்தார். லாகூரில் அவருக்கு முதல் ஆண்குழந்தை பிறந்ததும் அப்பாவின் பெயரை வைத்தார். அடுத்த மகன் ராமன். அவரும் தம் மூத்த மகனுக்குச் சந்திரசேகர் என்றே பெயரிட்டார். மகள் வழியிலும் ஒரு பேரனுக்கு அதே பெயர். ஆக ஒரு தாத்தாவுக்கு மூன்று சந்திரசேகர்கள்.

சி.வி. ராமன் என்பதில் உள்ள ‘சி’ எது? அதுவும் சந்திரசேகரன்தான். சந்திரசேகர வெங்கட ராமன். 1930இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவரின் முதலெழுத்தாக ஒடுங்கி நின்ற அந்தப் பெயர், 1983இல் அதே பரிசைப் பெற்றவருக்கு முழுப் பெயராக விரிந்து நின்றது. நடுவே 53 ஆண்டுகள். ஒரு கல்லூரி ஆசிரியரின் பெயர் நோபல் பட்டியலில் இருமுறை ஏறியிருக்கிறது, ஒருமுறை மகனுக்கு முன்னால், ஒருமுறை பேரன்மீது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இந்த வழக்கத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சொல்தான் பேரன். ‘பெயர்’ பேச்சில் ‘பேர்’ ஆவதுபோலப் ‘பெயரன்’ என்பதே ‘பேரன்’ ஆனது. வியர்வை வேர்வை ஆன அதே ஒலிமாற்றம். பெயர்த்தி முதலில் பேர்த்தி ஆகி, பிறகு ‘ர்’ தேய்ந்து பேத்தி ஆனாள். பெயரைத் தாங்கியவன், பெயரைத் தாங்கியவள் என்பதே பொருள். மகனின் மகனா, மகளின் மகனா என்பது இந்தச் சொல்லுக்குப் பொருட்டில்லை. இந்தியில் மகன் வழிப் பேரன் ‘போத்தா’, மகள் வழிப் பேரன் ‘நாத்தி’ என்று பிரிப்பார்கள். தமிழில் இருவருமே பேரன்.

பெயர் என்ற சொல்லும் பழையது. தெலுங்கில் ‘பேரு’, மலையாளத்தில் ‘பேர்’, பழங்கன்னடத்தில் ‘பெசர்’, இன்றைய கன்னடத்தில் ‘ஹெசரு’. தமிழில் யகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் சகரம் வருவது வேறு சொற்களிலும் உண்டு. நம் ‘உயிர்’ அங்கே ‘உசிரு’. சொல் பொதுவாக இருந்தும் உறவுப்பெயர் பொதுவாக இல்லை. கன்னடத்தில் பேரனை ‘மொம்மக’ என்பார்கள், தெலுங்கில் ‘மனவடு’. அவற்றில் பெயரின் சாயல் கிடையாது. மலையாளத்தின் ‘பேரக்குட்டி’ மட்டும் நம்மோடு நிற்கிறது. தாத்தாவின் பெயரை வைக்கும் வழக்கம் தென்னாட்டில் பல இடங்களில் இருந்தாலும், அதையே உறவின் பெயராக்கிக்கொண்டது இந்தப் பக்கத்து மொழிதான். ‘பத்துப் பேர் வந்தார்கள்’ என்று ஆட்களையே பெயரால் எண்ணுகிற மொழிக்கு அது இயல்பாக வந்திருக்க வேண்டும்.

எவ்வளவு பழைய வழக்கம் இது? நற்றிணையின் 40ஆம் பாட்டு மருதத்திணைப் பாடல். அதில் வருவது குழந்தை பிறந்த வீடு. மணிகள் ஒலிக்கின்றன, பந்தலில் மணல் பரப்பியிருக்கிறது, பெண்கள் நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். செவிலியோடு குழந்தை மெத்தென்ற படுக்கையில் உறங்குகிறது. வெண்கடுகு அணிந்து நெய்யாடிய தாய் கண்மூடிக் கிடக்கிறாள். நள்ளிரவில் கள்வனைப் போல வீட்டுக்குள் வருகிறான் கணவன். இதுவரை பரத்தை வீட்டில் இருந்தவன். அவனை வரவழைத்த காரணத்தைப் பாட்டின் கடைசி அடி சொல்கிறது: அவன் தந்தையின் பெயரன் பிறந்திருக்கிறான். ‘மகன்’ என்று சொல்லியிருந்தாலும் செய்தி அதேதான். ஆனால் புலவர் பெயரன் என்கிறார். மனைவியிடம் திரும்பி வர முகமில்லாதவனுக்கும் தந்தையின் பெயரைத் தாங்கிய குழந்தையைப் பார்க்க வர உரிமை உண்டு என்ற தொனி அந்த ஒரு சொல்லில் கிடைக்கிறது. மூன்று தலைமுறையை ஒரு நடுநிசியில் ஒரே சொல்லால் ஓரிடத்தில் நிறுத்தியதை மிக நுட்பமான வேலை என்றே கருதுகிறேன்.

கல்வெட்டுக்கு வருவோம். சோழன் கண்டராதித்தனுக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவன் மதுராந்தகன், உத்தம சோழன் என்ற பட்டப் பெயரில் ஆண்டவன். அவனுடைய மகன் முதலாம் ராஜராஜன் காலத்தில் கோயில் காரியங்களைக் கண்காணித்த அதிகாரி. கல்வெட்டுகளில் அவன் பெயர் மதுராந்தகன் கண்டராதித்தன். முன்னால் அப்பா, பின்னால் தாத்தா. நாம் இன்று ஓரெழுத்தாகச் சுருக்கி இனிஷியல் என்று வைத்திருப்பதன் முழு உருவம் அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்தால் குழப்பம் வரும். குழப்பத்தைத் தீர்க்க அப்பாவின் பெயர் முன்னால் வரும். பெயரன் வழக்கமும் தலைப்பெழுத்து வழக்கமும் இணைந்தே வேலை செய்கின்றன. பல்லவர்களில் மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன், அவன் மகன் மறுபடியும் மகேந்திரவர்மன். பரமேசுவரவர்மனின் மகன் ராஜசிம்மன், அவன் மகன் மறுபடியும் பரமேசுவரவர்மன். முதலாம், இரண்டாம் என்று எண் போட்டது பின்னால் வந்த வரலாற்றாசிரியர்களின் ஏற்பாடு.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல் இன்னும் ஒரு படி போயிருக்கிறது. அங்கே பேரன் என்றால் தாத்தா. பேத்தி என்றால் பாட்டி. ‘எனது பேரனார் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்’ என்று அங்குள்ளவர் எழுதினால், தமிழ்நாட்டு வாசகர் ஒரு நொடி திகைப்பார். குழந்தைகளைப் பேரப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் என்பார்கள். பெயரைக் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் ஒரே சொல். பெயரே இருவருக்கும் பொதுவாக இருக்கும்போது உறவுப்பெயரும் பொதுவாகிவிட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது.

வீட்டுக்குள் இந்த வழக்கத்தால் ஒரு சிக்கல் வந்தது. மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக் கூடாது. அதே பெயரைத் தாங்கிய தன் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? அதனால்தான் நம் வீடுகளில் அத்தனை ராஜாக்கள், துரைகள், அம்பிகள், தம்பிகள். ராமனின் மூத்த மகன் சந்திரசேகரையும் வீட்டில் ராஜா என்றே அழைத்தார்கள். பெண் குழந்தைகளுக்கும் பாட்டி பெயரை வைத்துவிட்டு அம்மு, பாப்பா, குஞ்சு என்று கூப்பிட்ட வீடுகள் எத்தனையோ. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில்தான் தன் முழுப்பெயர் என்ன என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள் போன தலைமுறைவரை இருந்தார்கள்.

சந்திரசேகர் என்ற பெயருக்கு வருகிறேன். சேகரம் என்றால் தலையில் சூடுவது. சந்திரனைச் சூடியவன் சிவன். தமிழில் பிறைசூடி, பிறைசூடன், மதிசூடி என்று அதே பெயரைச் சொல்கிறோம். சந்திரசேகரர் என்பது சிவனின் தனி வடிவமும்கூட. தஞ்சைப் பகுதிக் கோயில்களில் உள்ள செப்புத் திருமேனியைப் பாருங்கள்: வளைவில்லாமல் நேராக நிற்கும் உடல், பின்கைகளில் மழுவும் மானும், முன்கை ஒன்று அஞ்சேல் என்று காட்டும், உயர்ந்த சடைமகுடத்தின் பக்கத்தில் ஒரு நகத்தளவுக்குப் பிறை. அம்மையில்லாமல் தனித்து நின்றால் கேவல சந்திரசேகரர், அம்மை அருகே நின்றால் உமாசகித சந்திரசேகரர், தோளணைத்து நின்றால் ஆலிங்கன சந்திரசேகரர். தட்சன் சாபத்தால் தேய்ந்துகொண்டிருந்த நிலவைச் சிவன் தலையில் வைத்துக் காத்தார் என்ற கதையே இத்தனைக்கும் மூலம்.

வானியலில் இந்தப் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு முன்பே இருந்தது. ஒடிசாவின் கண்டபடாவைச் சேர்ந்த சாமந்த சந்திரசேகர், 19ஆம் நூற்றாண்டில் தொலைநோக்கி இல்லாமல், மூங்கிலாலும் மரத்தாலும் தாமே செய்த கருவிகளைக் கொண்டு கிரகங்களை அளந்தார். அவர் பனையோலையில் வடமொழியில் எழுதிய ‘சித்தாந்த தர்ப்பணம்’ 1899இல் கல்கத்தாவில் அச்சானது. ஊரில் அவர் பட்டாணி சாமந்தர். விண்மீன் பார்த்த இரண்டு சந்திரசேகர்களுக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை.

மைசூரில் பிறந்த பி.எஸ். சந்திரசேகரை மறக்க முடியுமா? சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கிய வலது கையாலேயே பந்து வீசியவர். 1971இல் ஓவல் மைதானத்தில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவுக்கு முதல் தொடர் வெற்றியைத் தேடித் தந்தார். டெஸ்ட் வாழ்க்கை முழுவதும் எடுத்த ஓட்டங்கள் 167, விக்கெட்டுகள் 242. மூன்றாவது ‘எஸ். சந்திரசேகர்’ ஒருவரும் உண்டு: மக்கள்தொகை அறிஞர் ஸ்ரீபதி சந்திரசேகர், 1967இல் மத்திய அரசில் சுகாதாரமும் குடும்பக் கட்டுப்பாடும் பார்த்தவர். இவர்களுக்கெல்லாம் அவரவர் குடும்பத்திலிருந்து பெயர் வந்தது. விசாகப்பட்டினத்து ஆசிரியரோடு உறவில்லை.

அந்த ஆசிரியரின் குடும்பத்துக்கு 1930 தனி ஆண்டு. அந்த ஜூலை கடைசியில் மூத்த பேரன் சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறினார். வயது 19. சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டுக் கேம்பிரிட்ஜுக்குப் போகும் வழியில், கடற்பயணத்தில் போட்ட கணக்குதான் வெள்ளைக் குறுமீனுக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்ற முடிவுக்குத் தொடக்கம். சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் கனமான உள்ளகம் வெள்ளைக் குறுமீனாக நிலைக்க முடியாது. இன்று அதைச் சந்திரசேகர் வரம்பு என்கிறோம். அவர் நடுக்கடலில் இருந்த ஆகஸ்டு மாதத்தில் கொல்கத்தாவில் அத்தை மகன் பிறந்தார், இன்னொரு சந்திரசேகராக. அந்த ஆண்டு இறுதியில் ராமனுக்கு நோபல். இளையவர் பின்னால் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிக ஆய்வுக்கூடத்தைக் கட்டினார். வட்டுபோன்ற தட்டையான மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண்களாக அடுக்கப்பட்டு, திரவப் படிக நிலையை அடையும் என்று 1977இல் காட்டியது அவருடைய குழு. அதுவரை குச்சிபோன்ற நீண்ட மூலக்கூறுகளுக்கே அந்த நிலை உரியது என்று கருதியிருந்தார்கள். மூத்தவரின் புகழ் மலைபோல இருந்ததால் இளையவரின் சாதனை பொதுவாசகருக்குத் தெரியாமலே போனது எனக்கு வருத்தம்.

நகரத்தார் வீடுகளில் இன்றும் இந்த வழக்கம் உறுதியாக இருக்கிறது. முத்தையா என்ற பெயரை எடுத்துக்கொண்டால் போதும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலை செட்டியாரின் தந்தை முத்தையா, மகனும் முத்தையா. கவிஞர் கண்ணதாசனின் இயற்பெயர் முத்தையா. சென்னை வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா இன்னொருவர். முத்தையா முரளிதரனில் இருப்பது மட்டும் வேறு கணக்கு. அது அவர் பெயரல்ல, தந்தையின் பெயர்.

அந்த வேறு கணக்கில்தான் இப்போது சிக்கல். மேலைநாட்டுப் படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள். ஒன்று சொந்தப் பெயர், மற்றது குடும்பப் பெயர். சுப்பிரமணியன் சந்திரசேகர் சிகாகோவுக்குப் போனபோது அப்பாவின் பெயர் சொந்தப் பெயர்க் கட்டத்திலும், சொந்தப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் விழுந்தன. மனைவி லலிதா சந்திரசேகர் ஆனார். நண்பர்கள் அவரைச் சந்திரா என்றார்கள். 1999 ஜூலையில் நாசா செலுத்திய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு அதே சந்திராதான் பெயராயிற்று.

இன்று கடவுச்சீட்டு எடுக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிரப்புகின்றன. வெளிநாட்டில் தங்கிவிட்டால் அது அப்படியே இறுகிவிடும். சந்திரசேகரின் மகனுக்கும் அவன் மகனுக்கும் அவன் பேத்திக்கும் கடைசியில் சந்திரசேகரே நிற்கும். ஒரு தாத்தாவின் பெயர் நிலைக்கிறதே என்று மகிழலாம்தான். ஆனால் அவருக்குப் பின் வரும் தாத்தாக்கள் யாருடைய பெயரும் யாருக்கும் வருவதில்லை. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை மாறி மாறி வந்த பெயர் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. டொரண்டோவிலும் சிட்னியிலும் சில வீடுகளில் குழந்தைக்குப் புதுப்பெயர் ஒன்றை வைத்துவிட்டு, நடுப்பெயராகத் தாத்தாவின் பெயரையோ பாட்டியின் பெயரையோ சேர்க்கிறார்கள். படிவமும் அதற்கு இடம் தருகிறது. குழந்தை பிறக்கவிருக்கும் வீடுகளில் நான் இதையே சொல்லிவருகிறேன்.