சிற்றாறும் தென்காசியும்: நீர்வழியில் அமைந்த ஒரு நகரம்

1. கூடல் எங்கே?

தேனருவி, செண்பகாதேவி, பேரருவி என்று குற்றால மலையில் படிப்படியாக இறங்கும் சிற்றாறு, சமவெளியில் முதலில் தொடும் பேரூர் தென்காசி. மேக்கரை அடவிநயினார் அணையில் தேங்கி வரும் அனுமன் நதி, வீரகேரளம்புதூரில்தான் சிற்றாற்றுடன் சேர்கிறது. சிற்றாறு தாமிரபரணியில் கலப்பதோ இன்னும் கிழக்கே, சீவலப்பேரியில். ஆக, பெரிய கூடல் எதுவும் தென்காசியில் இல்லை. மலைநீரைக் கூடல்களுக்கு முன்பே மறித்துக்கொள்ளும் இடத்தில் ஊர் அமைந்திருக்கிறது. அதன் வளம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2. இரண்டு மழை, இரண்டு போகம்

ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால், ஆனி ஆடியில் கிழக்குச் சீமை காய்ந்து கிடக்கும்போதே இங்கே சாரல் அடிக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது குற்றால சீசன். உள்ளூர் விவசாயிக்குக் கார் சாகுபடித் தண்ணீர். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிசான சாகுபடிக்கு உதவுகிறது.

இந்த நீரைப் பங்கிடுவது தலையணை, அடிவட்டப்பாறை முதலான அணைக்கட்டுகள். இவை நீரைத் தேக்குவதில்லை. ஆற்றின் மட்டத்தைச் சற்றே உயர்த்திக் கால்வாயில் திருப்பிவிடும். மிச்சம் அணையின் மேல் வழிந்து அடுத்த அணைக்குப் போகும். கால்வாய் நீர் குளத்தை நிரப்பும்; குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கு. குற்றாலத்தைப் பற்றி எழுதுவோர் அருவியோடு நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் இந்த மறுகால் சங்கிலிதான் பெரிய அதிசயம்.

3. அரசும் கோயிலும்

மதுரை கைவிட்டுப் போனபின் பாண்டியர் தெற்கே ஒதுங்கினர். அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446இல் தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். காசிக்குப் போகும் வழியிலேயே அடியார்கள் இறந்துபோகிறார்கள், இங்கேயே கோயில் கட்டு என்று இறைவன் கனவில் சொன்னதாகத் தலக்கதை. கனவு இருக்கட்டும், இரண்டு போகம் விளையும் நிலமும் மலையாளத்துக்குப் போகும் கணவாயும் அருகில் இருந்ததை அரசன் எண்ணிப் பார்க்காமலா இருந்திருப்பான்? பின்னாளில் இக்கோயிலைப் பழுதுபார்த்துக் காப்பவர்களின் அடிபணிவதாக அவன் கல்லில் வெட்டி வைத்த வேண்டுகோளில் பணிவும் உண்டு, அச்சமும் உண்டு. நெடுங்காலம் சிதைந்து நின்ற ராஜகோபுரம் 1990இல்தான் மீண்டும் முழுமை பெற்றது.

4. இன்றைய எல்லை

2019இல் தென்காசி தனி மாவட்டமானது. சிற்றாற்றின் தலைமடை அணைகள் இந்த மாவட்டத்தில். கடைமடையான மானூர்க் குளமும் சீவலப்பேரிக் கூடலும் திருநெல்வேலி மாவட்டத்தில். மழை குறைந்த ஆண்டில் மானூர்க்காரர் தண்ணீர் கேட்டு மேற்கே பார்க்கையில், நடுவே இப்போது ஒரு மாவட்ட எல்லையும் இருக்கிறது.