கதிரியக்கத் துணை எச்சரிக்கைக் குறி

கதிரியக்கம் பற்றி எதுவும் அறியாதவரும் பார்த்த உடனே ஆபத்தை உணர்ந்து விலகும்படி வடிவமைக்கப்பட்ட குறி. பன்னாட்டு அணுசக்தி முகமையும் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பும் 2007-இல் அறிமுகப்படுத்தின. தர எண் ஐ.எஸ்.ஓ. 21482.

பின்னணி: 1946-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் உருவான, கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிதழ்க் குறி கண்ணில் எளிதில் படும், ஆனால் அதன் பொருள் கற்றவர்க்கே விளங்கும். 2000-இல் தாய்லாந்தின் சமுத் பிராக்கானில் பழைய மருத்துவக் கருவியொன்றைக் காயலான் பொருளாகப் பிரித்தவர்களுக்கு அக்குறி புரியவில்லை. உள்ளிருந்த கோபால்ட்-60 மூவரின் உயிரைப் பறித்தது.

வடிவம்: சிவப்பு முக்கோணத்தின் உச்சியில் கதிர் வீசும் மூவிதழ், கீழே ஒருபுறம் மண்டையோடும் எலும்புகளும், மறுபுறம் அம்புக்குறியுடன் ஓடும் மனித உருவம். ஆபத்தின் மூலம், அதன் விளைவு, செய்ய வேண்டிய செயல் ஆகிய மூன்றையும் எழுத்தின்றியே உணர்த்துகிறது. 11 நாடுகளில் 1,650 பேரிடம் சோதித்த பின்பே இது தேர்வானது.

பயன்பாடு: உயிருக்கு ஆபத்தான, அல்லது கடும் பாதிப்பு தரும் கதிர்மூலங்கள் உள்ள கருவிகளில், பிரிக்க முயல்பவர் கண்ணில் படும் இடத்தில் பொறிக்கப்படுகிறது. கதவுகளிலும் சரக்குப் பெட்டிகளிலும் மூவிதழ்க் குறியே தொடர்கிறது.