தட்டச்சுப்பொறி வகுத்த வடிவம்: தஞ்சை வட்டார ஆய்வேடுகளின் அச்சு வரலாறு

ஆய்வேட்டை எப்படி அமைப்பது என்று கேட்டு வரும் மாணவருக்குப் பல்கலைக்கழகங்கள் ஏறத்தாழ ஒரே விடையைத்தான் தருகின்றன. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சு, இடப்புறம் ஒன்றரை அங்குல ஓரம், வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளி, முதலில் நெறியாளர் சான்றிதழ், அடுத்து ஆய்வாளர் உறுதிமொழி, பிறகு நன்றியுரை, பொருளடக்கம், இயல்கள், துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு, கடைசியில் கெட்டி அட்டையும் பொன்னெழுத்தும். ஆய்வுநெறியின் கட்டளைகளைப் போலவே இவற்றை மாணவர் மனப்பாடம் செய்கிறார். இவற்றில் பாதிக்கு மேல் தட்டச்சுப்பொறியின் இயலாமையிலிருந்து பிறந்தவை என்பது இக்கட்டுரையின் வாதம். பொறி மறைந்த பின்னும் அது வகுத்த வடிவம் நின்றுவிட்டது. கணினி வந்தபோது அந்த வடிவத்தை மட்டும் படியெடுத்துக்கொண்டதால், தஞ்சையின் ஒரு தலைமுறை ஆய்வேடுகளுக்கு நேர்ந்த கதி என்ன என்பதே இங்கு விரிவாகப் பேசப்படுவது.

பொருள் வடிவத்தை ஆள்வது காவிரிப் படுகைக்குப் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைப்பணியாளர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவையாக இருந்தன. தாளோ அரிது. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க வேண்டியதாயிற்று.

பட்டத்துக்காக எழுதப்பட்ட ஆய்வுக்கும் இதே கதை நடந்திருக்கிறது. கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசனுக்கு 1916இல் கேம்பிரிட்ஜ் ‘ஆராய்ச்சி வழி பி.ஏ.’ பட்டம் அளித்தது. அங்கே பிஎச்.டி. என்ற பட்டம் முதல் உலகப் போர் முடிந்த பிறகுதான் வந்தது. இராமானுசனின் பி.ஏ. பட்டத்துக்கு அடிப்படையான, மிகு பகு எண்களைப் பற்றிய கட்டுரையை 1915இல் லண்டன் கணிதக் கழகம் வெளியிட்டது. கழகம் பணநெருக்கடியில் இருந்ததால் அச்சுச் செலவைக் குறைக்க, எழுதியதில் ஒரு பகுதியை அவர் நிறுத்திவைத்தார். அந்தப் பகுதி குறிப்புரையோடு அச்சேற 1997 வரை காத்திருக்க நேர்ந்தது. தாள் விலைக்கு அஞ்சி இயலைச் சுருக்கும் இன்றைய மாணவர் ஆறுதல் கொள்ளலாம்.

பொறியின் ஆட்சி

தமிழாய்வின் முதல் முனைவர் பட்டங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. கொள்ளிடத்துக்கு வடக்கே 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அ. சிதம்பரநாதன் தமிழ் யாப்பைப் பற்றி எழுதியதும், 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மு. வரதராசன் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி எழுதிப் பட்டம் பெற்றதும் ஆங்கிலத்தில்தான். தஞ்சை மாவட்டக் கல்லூரிகள் 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் பிறக்கும்வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தமையால், சென்னையின் வழக்கமே இங்கும் வழக்கமாயிற்று. ஆங்கிலப் பொறிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மேற்கோள் வரும் இடத்தில் வெற்றிடம் விட்டுத் தட்டச்சு செய்து, பிறகு ஒவ்வொரு படியிலும் பேனாவால் செய்யுளை எழுதிச் சேர்ப்பார்கள். உரோமன் எழுத்தில் தமிழ்ச்சொல்லைத் தந்தால் நெடிலுக்குரிய மேற்கோடும் ழகர, றகரங்களுக்குரிய அடிக்குறிகளும் கையால்தான் விழும்.

யாழ்ப்பாணத்துக்காரரான இரா. முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறி 1930களில் ஜெர்மனியில் தயாராகி விற்பனைக்கு வந்தது. 247 எழுத்துகளையும் ஓர் ஆங்கிலப் பொறியின் உடலுக்குள் அடக்க அவர் கண்ட வழி, நகராச் சாவி. புள்ளியை அடித்தால் உருளை அசையாது. அடுத்து அடிக்கும் எழுத்தின் தலையில் அது போய் அமரும். 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு அலுவலகங்களுக்குத் தமிழ்த் தட்டச்சர்கள் தேவைப்பட்டார்கள். ஊருக்கு ஊர் பயிலகங்கள் முளைத்து, இளநிலை, முதுநிலைத் தேர்வுகள் நடந்தன. தமிழில் ஆய்வேடு எழுதும் வழக்கம் பரவியபோது அதை அடித்துத் தரத் தயாராக இருந்த கைகள் இவைதாம். அரசுக் கோப்பின் ஒழுங்கு ஆய்வேட்டுக்குள் புகுந்ததும் இவ்வழியாகத்தான் என்று கருதுகிறேன்.

பொறியின் தடங்களை வரிசையாகப் பார்க்கலாம். தாளின் பின்பக்கத்தில் அடித்தால் எழுத்தின் வடு முன்பக்கத்தில் புடைத்துத் தெரியும். எனவே ஒரு பக்கம் மட்டும். பிழை கண்டால் வரிக்கு மேலே திருத்தி எழுத இடம் வேண்டும். எனவே அகன்ற இடைவெளி. கார்பன் தாள் வைத்து ஒருமுறை அடித்தால் நான்கைந்து படிகளுக்கு மேல் தெளிவாக விழாது. கடைசிப் படி மங்கலாகத்தான் இருக்கும். தேர்வாளர், நெறியாளர், நூலகம் என்று எத்தனை பேருக்குப் படி கொடுக்க முடியும் என்பதையே இந்தக் கார்பன் தீர்மானித்தது எனலாம். தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் பொறியில் இல்லை. ஆகவே தலைப்புக்கு அடிக்கோடு, நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள்குறி. நூற்பெயரைச் சாய்வெழுத்தில் இடும் வசதி வந்த பிறகும் தமிழ் ஆய்வேடுகளில் ஒற்றை மேற்கோள்குறி விலகவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. சாய்த்த தமிழ் எழுத்து கண்ணுக்கு இதமாக இருப்பதில்லை.

அடிக்குறிப்பு தனிக்கதை. பக்கத்தின் அடியில் எத்தனை வரி ஒதுக்குவது என்று பக்கத்தை அடிக்கத் தொடங்குமுன்பே தட்டச்சர் கணக்கிட்டாக வேண்டும். ஒரு குறிப்பு கூடினால் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். தமிழ் ஆய்வேடுகளில் குறிப்புகள் எல்லாம் இயலின் இறுதிக்குத் தள்ளப்பட்டு, ‘சான்றெண் விளக்கம்’ என்ற தலைப்பின்கீழ் திரண்டதற்கு இந்தச் சங்கடத்தை விடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை. விளைவு வாசிப்பவருக்கு நல்லதாக இல்லை. சான்று எங்கோ, கூற்று எங்கோ. பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டுவதற்கும் அந்தத் தொலைவு உதவியது என்று சொன்னால் சிலர் கோபிக்கலாம்.

1969 முதல் வெளிவந்த இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றத்தின் ‘ஆய்வுக்கோவை’ தொகுதிகளும், தமிழண்ணலும் இலக்குமணனும் எழுதிய ‘ஆய்வியல் அறிமுகம்’ போன்ற நூல்களும் இந்த வழக்கங்களுக்குப் பாடநூல் மதிப்பைத் தந்தன.

புதிய எழுத்தும் புதிய பல்கலைக்கழகமும்

1978 அக்டோபர் 19 அன்று வந்த எம்.ஜி.ஆர். அரசின் ஆணை, பெரியார் 1935இலேயே தம் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட எழுத்து மாற்றங்களில் பதின்மூன்றை ஏற்றது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தும்பிக்கை வடிவமும், ணா, றா, னா வரிசையின் சுழி வடிவமும் போயின. ஐ, ஔ இரண்டுக்கும் பெரியார் சொன்ன மாற்றை அரசு ஏற்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1981 செப்டம்பர் 15இல், தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது. ஆகவே அதன் ஆய்வேடுகள் முழுவதும் புதிய எழுத்தின் பிள்ளைகள். ஆனால் அவை மேற்கோள் காட்டிய பதிப்புகளோ பழைய எழுத்தில் இருந்தவை. மேற்கோளை மூலத்தில் உள்ளபடியே தரவேண்டும் என்ற விதியை எல்லாரும் ஒப்புக்கொண்டபடியே, எழுத்து வடிவத்தை மட்டும் யாரும் அறிவிக்காமல் மாற்றிக்கொண்டார்கள். அதைத் தவிர வேறு வழியும் இல்லை.

முதல் துணைவேந்தர் வ.அய். சுப்பிரமணியம் மொழியியலாளர். தொடக்க ஆண்டுகளில் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கென்றே நின்ற நிறுவனம். ஓலைச்சுவடி, கடல்சார் வரலாறு, சிற்பம், நாட்டுப்புறவியல் எனத் துறைகள் விரிந்தபோது ஆய்வேட்டின் உடலும் மாறியது. சுவடி ஆய்வுக்குப் பாடவேறுபாட்டு அட்டவணை வேண்டும், சிற்ப ஆய்வுக்கு ஒட்டிய நிழற்படங்கள் வேண்டும், கல்வெட்டு ஆய்வுக்கு மைப்படியின் படம் வேண்டும். தட்டச்சுப்பொறியால் ஆகாத இவையெல்லாம் பின்னிணைப்புக்குப் போயின. தஞ்சை ஆய்வேடுகளில் பின்னிணைப்பு பருத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பல சமயம் ஏட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. சரசுவதி மகால் நூலகத்துச் சுவடியிலிருந்து எடுத்தெழுதிய பகுதியோ, ஒரு கிராமத்துப் பாட்டியிடம் கேட்டெழுதிய நடவுப் பாடலோ அதில் இருக்கும். முன்னே உள்ள இயல்கள் அதற்கு வாசற்படி மட்டுமே.

ஏட்டின் நூற்கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாள் ஈரம் ஏறி அலையும், பசை காயாது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால்தான் பூச்சி அண்டாது. சுவடிக்குப் புல்லெண்ணெய் தடவிய ஊரில், அந்தச் சுவடியைப் பற்றிய ஆய்வேட்டுக்குத் துத்தம்.

கணினி மையமும் எழுத்துருக் குழப்பமும்

1990களில் பயிலகங்களின் இடத்தை டி.டி.பி. சென்டர்கள் பிடித்தன. கார்பன் ஒழிந்தது. லேசர் அச்சில் ஒரு மூலப்படி, மற்றவை ஜெராக்ஸ். பிழை திருத்த மறுபடி பக்கம் அடிக்க வேண்டாம் என்பதே பெரிய விடுதலை. ஆனால் திரைக்குப் பின்னால் நடந்ததைப் பலரும் கவனிக்கவில்லை. பாமினி, செந்தமிழ், வானவில், ஸ்ரீலிபி என்று ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கெனக் குறியீடு வைத்திருந்தது. கணினிக்கு அது தமிழே அன்று. ஆங்கில எழுத்துகளின்மேல் தமிழ் உருவம் போர்த்திய வேடம். ஒரு கடையில் அடித்த கோப்பு அடுத்த கடையில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஆய்வாளர் வைவா முடியும்வரை ஒரே கடைக்குக் கட்டுப்பட்டவர் ஆனார்.

அந்த வேடத்தின் கோளாறுகள் அச்சிலும் தெரிந்தன. தட்டச்சுப்பொறியைப் போலவே இவற்றிலும் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் தனி எழுத்தாக அடிக்கப்பட்டது. வரி முடியும் இடத்தில் கொம்பு மேல்வரியில் தங்க, மெய் கீழ்வரிக்கு இறங்கிவிடும். மெய்ப்புத் திருத்துபவர் ஒற்றுப்பிழைக்கும் ரகர றகர மயக்கத்துக்கும் கண்ணைச் செலவிட்டது போக, இந்த அனாதைக் கொம்புகளையும் தேட வேண்டியிருந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையையும் ‘டாம்’, ‘டாப்’ குறியீடுகளையும் அறிவித்தது. 2010 ஜூனில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தது என்பதை நினைத்தால் இந்தத் தாமதம் உறுத்துகிறது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அடிக்கப்பட்ட ஆய்வேடுகள் அலமாரியில் அழகாக இருக்கின்றன. கோப்பாகப் பார்த்தால் அவை ஊமைகள்.

அந்த ஊமைத்தனம் வெளிப்பட்டது 2009க்குப் பிறகு. அவ்வாண்டு பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நெறிமுறை, ஆய்வேட்டின் மின்படியையும் தரவேண்டும் என்றது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ‘சோத்கங்கா’ மின்களஞ்சியத்தில் ஏடுகள் ஏறத் தொடங்கின. பழையவை பக்கப் படங்களாக ஏறின. நடுக்காலத்தவை எழுத்துருக் குறியீட்டோடு ஏறின. இரண்டிலும் தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது. ஒருங்குறிக்கு மாற்றினாலும் தொல்லை தீர்வதில்லை. ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே ஆகையால், மாற்றும்போது ‘பௌத்தம்’ என்ற சொல் பகர எகரமும் ளகரமுமாகச் சேர்ந்து ‘பெளத்தம்’ ஆகிவிடும். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. தேடலில் இரண்டும் வேறு சொற்கள். இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்தைப் பற்றி யாரேனும் இன்று தேடினால், ஏற்கெனவே எழுதப்பட்டதில் ஒரு பகுதி அவருக்கு அகப்படாமலே போகும்.

துணைநூற்பட்டியலிலும் இதே போன்ற கண்ணி இருக்கிறது. ஒருங்குறியில் னகரத்தின் இடம் நகரத்துக்கு அடுத்தது, பகரத்துக்கு முன். றகரம் ரகரத்தை ஒட்டி நிற்கிறது. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால். தமிழ் அகரவரிசை அறியாத மென்பொருளிடம் பட்டியலை அடுக்கச் சொன்னால் அது இந்த எண்வரிசையில் அடுக்கித் தரும். நெடுங்கணக்கு தெரிந்த தேர்வாளர் முதலில் சிவப்பு மையால் வட்டமிடுவது இதைத்தான். மாணவர் கையால் அடுக்கியிருந்தால் நேராத பிழை.

2018இல் வந்த, மானியக் குழுவின் கருத்துத் திருட்டுத் தடுப்பு நெறிமுறை, பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமையைப் பொறுத்துக்கொண்டு, அதற்கு மேல் படிப்படியாகத் தண்டனை வகுத்தது. ஒப்புமைச் சான்று ஏட்டோடு இணையும் புதிய பக்கமாயிற்று. தற்செயலாக ஒத்துப்போகும் சொற்றொடரில் 14 சொற்கள்வரை கணக்கில் வராது என்கிறது அந்த நெறிமுறை. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய எண் இது. வேற்றுமையும் காலமும் இடமும் சொல்லுக்குள்ளேயே ஒட்டும் தமிழில் 14 சொற்களில் இரண்டு வாக்கியமே முடிந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய முந்தைய ஏடுகளே ஊமையாகக் கிடக்கும்போது, தமிழ் ஆய்வேட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விழுக்காட்டை நேர்மையின் சான்றாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

2022 நவம்பரில் வந்த நெறிமுறையோடு எம்.ஃபில். பட்டம் நின்றது. தஞ்சை வட்டாரத்தில் அந்தப் பட்டத்துக்காக எழுதப்பட்டவை பெரும்பாலும் சிறிய ஏடுகள். ஒரு கோயிலின் கல்வெட்டுகள், ஒரு வட்டத்தின் ஊர்ப்பெயர்கள், ஒரு சமூகத்தின் திருமணச் சடங்கு என்று எல்லை குறுகியவை. களத்திலிருந்து எழுந்தவை என்பதாலேயே முனைவர் பட்ட ஏடுகள் சிலவற்றைவிடப் பயன்மிக்கவை. 2009க்கு முன் அளிக்கப்பட்ட அவ்வகை ஏடுகளுக்கு மின்படி என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. துறை நூலகத்தில் ஒன்று, நெறியாளர் வீட்டில் ஒன்று, எழுதியவரிடம் ஒன்று. நெறியாளர் ஓய்வு பெற்று வீடு மாறினால் இருப்பவை இரண்டு. அவற்றை ஒளிவருடி, தட்டச்சு எழுத்தைத் தமிழ் எழுத்துணரிக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்து, கார்பன் படியின் மங்கலையும் கையால் எழுதிய திருத்தங்களையும் மெய்ப்புப் பார்த்து ஏற்றும் வேலை ஒரு பல்கலைக்கழகத் துறையின் அளவுக்குள் அடங்கக்கூடியதே. கார்பன் படிகளிலிருந்து அதைத் தொடங்க வேண்டும். அவற்றின் மைதான் முதலில் மறைகிறது.