இளசுல குடிக்கணும்: ஒரு பிரெஞ்சு ஒயினும் குன்னூர் பனித் தேயிலையும்

பிரான்ஸ்ல இருந்து வந்த நண்பர் ஒருத்தர் ஒரு ஒயின் பாட்டில் கொடுத்தார். "சீக்கிரம் குடிச்சிடு"ன்னு சொல்லித்தான் கொடுத்தார். நாம கேப்போமா? ஒயின்னா பழசாகப் பழசாகத்தான் மதிப்புன்னு சினிமாவுல பாத்து வளர்ந்த ஜென்மம். பீரோவுல பத்திரமா வச்சு, மூணு வருஷம் கழிச்சு ஒரு நல்ல நாள் பாத்துத் திறந்தேன். பாதி தண்ணி கலந்த திராட்சை ஜூஸ் ஒரு வாரம் வெளியில கிடந்தா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு. லேபிள்ல 'போஜொலே நூவோ'ன்னு போட்டிருந்தது. நூவோன்னா 'புதுசு'ன்னு அர்த்தமாம். பாட்டில்லயே எழுதித்தான் இருக்கு, படிக்கத் தெரியாதது என் தப்பு.

அதே பீரோவுல அதே மாதிரி இன்னொரு பாவமும் பண்ணியிருந்தேன். குன்னூர் அத்தை ஒரு சின்ன டப்பா பனித் தேயிலை கொடுத்தாங்க. "பால் ஊத்தாதே, இந்த வருஷத்துக்குள்ள குடிச்சிடு"ன்னு சொன்னாங்க. விருந்தாளி வந்தா திறக்கலாம்னு வச்சேன். திறந்தப்ப வைக்கோல் வாசம். தங்கமணி ஒண்ணும் சொல்லல, ஒரு பார்வைதான் :-)

இந்த ரெண்டு குற்றத்தையும் ஒண்ணா விசாரிக்கப் போனதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒயின். போஜொலேங்கிறது பிரான்ஸ்ல லியோன் நகரத்துக்கு வடக்கே இருக்கிற குன்றுப் பகுதி. அங்க விளையிற திராட்சைக்குப் பேரு காமே. 1395-ல பர்கண்டி பிரபுவா இருந்த 'துணிச்சல்கார' ஃபிலிப்புக்கு இந்தச் செடியைக் கண்டாலே ஆகாது. நம்பத்தகாத, கெட்ட செடி, வெட்டி எறியுங்கன்னு உத்தரவே போட்டார். காரணம் இருக்கு. காமே சீக்கிரம் பழுக்கும், கொத்துக் கொத்தா காய்க்கும், குடியானவனுக்கு லாபம். ஆனா பிரபு பெருமையா நினைச்ச பினோ நுவார் மாதிரி கனமான, உசத்தியான ஒயின் அதுல வராது. பர்கண்டியில துரத்தப்பட்ட காமே, தெற்கே போஜொலேயோட கருங்கல் மண்ணுல போய் உக்காந்துச்சு. அந்த மண்ணு அதுக்குப் பிடிச்சுப் போச்சு.

நூவோ செய்யற முறையே வேற. பழத்தை நசுக்க மாட்டாங்க. கையால பறிச்ச முழுக் கொத்துகளை அப்படியே மூடின தொட்டியில போடுவாங்க. அடியில இருக்கிற பழம் மேல உள்ள பாரத்துல நசுங்கிப் புளிக்க ஆரம்பிக்கும். அதுல வர்ற கரியமில வாயு தொட்டியை நிறைச்சிடும். காத்து இல்லாததால மேல உள்ள பழங்கள் தோலுக்குள்ளேயே, நசுங்காமலே, தானா நொதிக்கும். சில நாள்லயே வேலை முடிஞ்சுடும். நிறம் இறங்கும், துவர்ப்பு அவ்வளவா இறங்காது. அதனாலதான் வாழைப்பழம், ராஸ்பெரி மாதிரி ஒரு வாசனை. ஆனா ஒயினை வருஷக்கணக்கா தாங்கிப் பிடிக்கிற விஷயத்துல பெரிய பங்கு அந்தத் துவர்ப்புக்கு. அது குறைச்சலா இருக்கும்போது எத்தனை வருஷம் நிக்கும்? செப்டம்பர்ல பறிச்சு, நவம்பர்ல வித்து, அடுத்த கோடைக்குள்ள குடிச்சுத் தீர்க்க வேண்டியது. அதுவும் ஃப்ரிட்ஜ்ல அரை மணி நேரம் வச்சு, கொஞ்சம் குளிர்ச்சியா.

லியோன் சாப்பாட்டுக் கடைகள்ல ரொம்ப காலமாவே பீப்பாயில வந்து இறங்கின சமாச்சாரம்தான் இது. 1951 நவம்பர்ல, மத்த ஒயின்களுக்கு முன்னாடியே இதை விக்கலாம்னு அரசாங்கம் அனுமதி கொடுத்துச்சு. அப்புறம் வியாபாரிகள் விட்டாங்களா? முதல் பாட்டிலை யார் பாரீசுக்கும் லண்டனுக்கும் கொண்டு சேர்க்கிறதுன்னு கார் பந்தயமே நடந்துச்சு. 1985-ல இருந்து நவம்பர் மூணாவது வியாழக்கிழமைதான் வெளியீட்டு நாள்னு முடிவாச்சு. நம்ம தீபாவளி ரிலீஸ் படம் மாதிரி. ஜப்பான்காரங்க இன்னும் ஒரு படி மேல. அங்க ஹக்கோனேயில இருக்கிற ஒரு வெந்நீர்க் குளியல் விடுதியில இந்த ஒயினை ஊத்தி அதுல முங்கிக் குளிக்கிறாங்க. (சத்தியமா நான் கட்டி விடல.)

ஆட்டம் எல்லை மீறினதும் உண்டு. 2001 விளைச்சல்ல பத்து லட்சம் பெட்டிக்கு மேல போஜொலே விக்காம போய், காய்ச்சியோ கொட்டியோ அழிக்க வேண்டியதாப் போச்சு. மோர்கோன், மூலன்-ஆ-வான்னு அதே காமேயில, அதே மலையில செய்யற, பல வருஷம் தாங்குற நல்ல ஒயின்களும் நூவோவோட சேர்த்து மட்டமா பாக்கப்பட்டுச்சு.

இப்ப மலையேறுவோம், நம்ம மலை. இங்கேயும் ஒரு பிரெஞ்சுக் கதை இருக்கு.

1832-ல கிறிஸ்டிங்கிற மருத்துவர் குன்னூர் பக்கம் தேயிலைக்கு உறவுக்காரச் செடி ஒண்ணு வளர்றதைப் பாத்துட்டு, இங்க தேயிலையும் வரும்னு நினைச்சு சீனாவுல இருந்து செடிகளுக்குச் சொல்லி அனுப்பினார். செடி வந்து சேர்றதுக்குள்ள மனுஷன் செத்துப் போயிட்டார். வந்த செடிகளைப் பல இடங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. கேத்தியில இருந்த அரசாங்கச் சோதனைப் பண்ணையிலயும் தேயிலைச் செடிகளை நட்டாங்க. 1836-ல அந்தப் பண்ணையையும் மூடிட்டாங்க. அந்த இடம் பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னர் கைக்கு வந்துச்சு. அவர் கூட இருந்த தாவரவியலாளர் பெரோத்தே (பிறந்தது சுவிட்சர்லாந்து, வேலை பிரெஞ்சு அரசுக்கு, கடைசியில 1870-ல கண்ணை மூடினதும் பாண்டிச்சேரியில) புதருக்குள்ள மூடிக் கிடந்த அந்தச் செடிகளைக் கண்டுபிடிச்சார். களையை எடுத்துச் சுத்தம் பண்ணிவிட்டார். 1838 வாக்குல நாலடி உசரம், பூவும் காயுமா நின்னுச்சாம்.

கேத்தி பள்ளத்தாக்கை ரயில்ல போறப்ப எல்லாரும் ஜன்னல் வழியா போட்டோ எடுப்போம். அங்க ஒரு பிரெஞ்சு அரசு ஊழியர் களை பிடுங்கிட்டு இருந்திருக்கார்னு யாருக்குத் தெரியும்? பர்கண்டி பிரபு விரட்டின காமேயும் கேத்தியில அனாதையா விட்ட தேயிலையும் எனக்கு ஒரே ஜாதியாத்தான் தெரியுது.

அப்புறம் 1850கள்ல குன்னூர்ல மான்ங்கிற தோட்டக்காரர் சீன விதையில பயிர் பண்ணினார். காப்பி நோய்ல விழுந்ததும் தேயிலை மலை முழுக்கப் பரவுச்சு. இதெல்லாம் தெரிஞ்ச கதை, நீட்ட வேண்டாம்.

பனித் தேயிலைக்கு வருவோம். டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும் மழை நின்னு, வானம் வெளுத்து, ராத்திரி சில்லுனு இறங்கும். தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையா நிக்கும். தேயிலைக்காரங்களுக்கு உறைபனின்னாலே வயித்துல புளி கரைக்கும். நேரா பட்டா செடி கருகிடும், தழையைப் போட்டு மூடி வைப்பாங்க. ஆனா கருகாம, குளிர்ல நடுங்கிட்டே மெதுவா வளர்ற கொழுந்து இருக்கே, அதுலதான் விஷயம். வளர்ச்சி மெதுவா இருக்கிறதால வாசனைப் பொருள் அதுல கெட்டியா சேரும். அதைப் பறிச்சு, குளிர்ந்த வறண்ட காத்துல நல்லா வாடவிட்டு, பக்குவமா உருட்டி, முழுசா கறுக்க விடாம காய வச்சா, டிகாஷன் வெளிறின தங்க நிறத்துல வரும். பழமும் பூவும் கலந்த மாதிரி வாசம். பால் ஊத்தினா போச்சு. கொரக்குந்தா மாதிரி எட்டாயிரம் அடிக்குப் பக்கத்துல இருக்கிற தோட்டங்கள் இதுக்குப் பேர் போனவை. மூணு நிமிஷம் வெந்நீர்ல, அதுக்கு மேல விடாதீங்க.

ஒயின் மாதிரியே இதுவும் வருஷம் ஓடினா வாசனை பறந்துடும். (சீனாவுல பூ-அர்னு ஒரு தேயிலை பழசாகப் பழசாக விலை ஏறும், அது வேற ரகம்.)

2006-ல அமெரிக்காவுல லாஸ் வேகாஸ் ஏலத்துல ஒரு நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போச்சு. 2008-ல நீலகிரி ஆர்த்தடாக்ஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. அப்ப மலையில எல்லாரும் சுகமா? அதுதான் இல்ல. இங்க விளையிறதுல பெரும்பகுதி தூள் தேயிலை. சோவியத் யூனியன் இருந்தவரைக்கும் வாங்க ஆள் இருந்துச்சு, உடைஞ்சதுக்கு அப்புறம் தொண்ணூறுகளோட கடைசியில விலை சரிஞ்சுது. சிறு விவசாயிங்க, முக்கியமா படுகர் கிராமங்கள், அன்னிக்கு ஆரம்பிச்ச போராட்டம் இன்னும் ஓயல. 2023 செப்டம்பர்ல பச்சைத் தேயிலைக்குக் கிலோ 33.50 ரூபாய் வேணும்னு உண்ணாவிரதமே இருந்தாங்க.

எனக்கு உறுத்துறது இதுதான். ஜனவரியில விடியக்காலைக் குளிர்ல பறிச்ச கொழுந்தும் மே மாசத்துக் கொழுந்தும் நம்ம கடைப் பாக்கெட்டுல பெரும்பாலும் ஒரே தூள், ஒரே பேரு. எந்த மாசம், எந்த ஊருன்னு ஒண்ணும் இருக்காது. போஜொலேக்காரன் தன் ஒயின் நிலைக்காதுங்கிற குறையையே விளம்பரமாக்கி, தேதி குறிச்சு வித்தான். பந்தயமும் குளியலும் நமக்கு வேண்டாம், அதுல அவனே அடிபட்டான். பாக்கெட்டுல பறிச்ச மாசத்தைப் போடறதுக்கு என்ன செலவு? சில பெரிய தோட்டங்கள் ஏற்றுமதிக்குப் போடுது. அஞ்சு ஏக்கர் வச்சிருக்கிறவரோட கொழுந்து நாலு ஊர்க் கொழுந்தோட கலந்து ஃபாக்டரிக்குள்ள போயிடுது, அவர் எதைப் போடுவார்?

அத்தைக்குப் போன் போட்டு உண்மையை ஒத்துக்கிட்டேன். திட்டிட்டு, ஜனவரிக் கொழுந்து வந்ததும் புது டப்பா அனுப்பினாங்க. வந்த அன்னிக்கே திறந்தாச்சு. விருந்தாளி யாரும் வரல, நானும் தங்கமணியும்தான்.