கண்ணாடி முன் நின்ற மனம்: நெய்யாற்றின்கரை எல்லையில் தன்னை ஏற்றலின் வரலாறு

தன்னை ஏற்றல் என்பதை இன்றைய உளவியல் பெரும்பாலும் தனிமனிதரின் உள்விவகாரமாகவே பேசுகிறது. தென் திருவிதாங்கூரில் அந்தச் சிந்தனை வேறு வழியில் வளர்ந்தது. இங்கே தன்னை இழிவாக எண்ணும் பழக்கத்தை ஊட்டியது சாதிச் சட்டம். ஆகவே, மனத்தை அறியும் முயற்சியும் அந்த இழிவைக் கழற்றுவதிலிருந்தே தொடங்கியது.

1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வெளிப்பட்டதாக அய்யாவழியினர் நம்பும் முத்துக்குட்டி (1809–1851) சாமித்தோப்பில் உருவாக்கிய வழிபாட்டை முதலில் கவனிக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்றிருந்த காலம் அது. அவர் ஆண்களைத் தலைப்பாகையோடு வழிபடச் செய்தார். பதிகள் என்னும் வழிபாட்டிடங்களின் பள்ளியறையிலும் நிழல் தாங்கல்கள் என்னும் சிறு வழிபாட்டிடங்களிலும் சிலை இருக்கவேண்டிய இடத்தில் இன்றும் கண்ணாடிதான் இருக்கிறது. குனிந்தே பழகிய ஒருவர் தலைப்பாகை கட்டிய தன் முகத்தையே தெய்வத்தின் இடத்தில் பார்க்கிறார். வெட்கத்தை நீக்க இதைவிட நேரான மருத்துவம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடுத்த கட்டம் நெய்யாற்றின்கரைக்கு அருகே, அருவிப்புறத்தில். 1888ஆம் ஆண்டு மகா சிவராத்திரி இரவில் நாராயண குரு நெய்யாற்றில் மூழ்கி எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நிறுவினார். ஒடுக்கப்பட்ட ஈழவர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் செய்த பிரதிஷ்டை என்பதால் இதைச் சமூகப் புரட்சியாக மட்டும் படிக்கிறோம். ஆனால் 1897இல் அவர் இயற்றிய ‘ஆத்மோபதேச சதகம்’ சாதி கேட்கும் ‘யார் நீ’ என்ற கேள்வியை உள்நோக்கித் திருப்புகிறது. அதில், இருட்டில் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். யார் நீ என்று ஒருவர் கேட்க, மற்றவர் நான் என்கிறார். கேள்வி திரும்பி வந்தாலும் விடை அதுவேதான். பெயரும் குலமும் அதன் பிறகு வந்து ஒட்டுபவை. வேற்றுமை காணும் அறிவையும் ஒருமை காணும் அறிவையும் குரு பிரித்துக் காட்டுவது நுட்பமான உளவியல்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1890இல், வில்லியம் ஜேம்ஸ் தன் உளவியல் நூலில் அறியும் நானையும் அறியப்படும் நானையும் பிரித்தார். தன்மதிப்பு என்பது அடைந்ததை எதிர்பார்ப்பால் வகுத்துக் கிடைப்பது என்றும், எதிர்பார்ப்பைக் குறைத்தால் அது கூடும் என்றும் எழுதினார். எதிர்பார்க்கும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. குருவின் வழி, வகுக்கும் எண்ணையே கேள்வி கேட்கிறது.

சதகத்திற்குப் பின் குருவின் பிரதிஷ்டைகளே மாறின. 1921இல் காரமுக்கில் சிலைக்குப் பதில் விளக்கு; 1927இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோடத்தில் கண்ணாடி. ரசத்தைச் சுரண்டி ‘ஓம் சாந்தி’ என்று எழுதப்பட்ட கண்ணாடி அது. மறு ஆண்டு அவர் சிவகிரியில் மறைந்தார்.

குரு இளமையில் தவமிருந்த மருத்துவாமலை, சாமித்தோப்பிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். ஒரு கண்ணாடியிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று வாதிடுவதைவிட, இரண்டும் ஒரே அவமானத்திற்கு விடை தேடின என்று கொள்வதே பொருத்தம். குரு தமிழிலும் பதிகங்கள் பாடியவர். திருக்குறளின் பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர். ஆனால் 1956இல் மாநில எல்லைகள் மாறியபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. அன்று முதல் வைகுண்டர் தமிழருக்கும் குரு மலையாளிகளுக்கும் என ஆய்வுகளும் பிரிந்துகொண்டன. இந்தப் பிரிவால் இழப்பு பெரிது.

நித்ய சைதன்ய யதி (1924–1999) சதகத்திற்கு விரிவான உரை எழுதி உளவியலாளர்களுக்கும் வழி திறந்தார். அந்த வழியில் நடக்கவேண்டியவர்கள் இப்போது நம் கல்லூரிகளின் உளவியல் துறையினர். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸைப் பயிற்றும் வகுப்பில் ஆத்மோபதேச சதகத்தையும் சாமித்தோப்பின் கண்ணாடியையும் பாடமாக வையுங்கள். ஆலோசனைக்கு வருபவரிடம் இந்த வெட்கத்தை உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்கவும் மாணவர்களைப் பழக்குங்கள்.